சுவரும் தொலைக்காட்சியும்

தொலைக்காட்சிப் பெட்டி என்னும் பெயர் இந்நாளிற் பொருளிழந்த பெயராயிற்று. அது மெய்யாகவே பெட்டியாயிருந்த காலம் ஒன்றுண்டு. 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திற் சென்னையில் ஒளிபரப்புத் தொடங்கியபொழுது செல்வர் சிலர் வாங்கி வைத்தவையும், 2006-ஆம் ஆண்டு முதலாகத் தமிழக அரசினர் எளியோர்க்கு விலையின்றி வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிகளும் பின்புறம் புடைத்த கனத்த பெட்டிகளே. மேசையோ, சுவரிற் குடைந்த மாடமோ, அலமாரியின் நடுத்தட்டோ அவற்றிற்கு இடமாயிற்று. கண்ணாடிக் குழல் ஒழிந்து தட்டைத் திரை வந்தபின் பெட்டி பலகையாயிற்று, பலகை சுவரேறிற்று. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு முதலிய ஊர்களிற் புதிதாய் எழும்பும் வீடுகளிற் கூடத்துச் சுவரில் இதற்கென ஓரிடம் விட்டு வைப்பதும் இப்பொழுது வழக்கமாகிவிட்டது.

மேசைமேல் நிறுத்துவதினும் சுவரில் மாட்டுவது நன்று என்பதில் ஐயமில்லை. தட்டைத் திரையின் கால்கள் சிறியன, உடலோ அகன்றது. தவழும் பிள்ளை அதனைப் பற்றி எழ முயலுமாயின் அப்பிள்ளையின் மேலேயே அது சாயும். இவ்வாறு சாய்ந்து குழந்தைகள் காயமுற்றதும் உயிரிழந்ததும் பல தேசங்களில் நிகழ்ந்ததுண்டு. எனினும், மாட்டுவது வேறு, விழாதபடி மாட்டுவது வேறு. இவ்வேற்றுமையை நாம் நூலினின்றும் கற்றோமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், கோடை விடுமுறையில், நாமக்கல்லையடுத்த சிற்றூரொன்றில் எம் அத்தையின் இல்லத்திற் தங்கியிருந்தோம். கூடத்தில் 43 அங்குலத் திரையொன்று, முன்னே இழுத்து இருபுறமும் திருப்பத்தக்க கையுடைய தாங்கியில் இருந்தது. அடுக்களையில் இருப்போரும் காணும்பொருட்டு அதனை மாலைதோறும் இழுத்துத் திருப்புவர். ஓரிரவு யாவரும் உறங்கியபின் பெருஞ்சத்தம் கேட்டு எழுந்தோம். திரை முகங்குப்புறத் தரையிற் கிடந்தது. அவ்விடத்திலேதான் நாள்தோறும் பேரக்குழந்தைக்குப் பாய் விரிப்பது வழக்கம். அன்று புழுக்கம் மிகுந்திருந்தமையாற் குழந்தையை மொட்டைமாடிக்கு எடுத்துச் சென்றிருந்தனர்.

மறுநாட்காலை அச்சுவரை ஆராய்ந்தோம். தாங்கி கெடவில்லை. திருகாணி ஒன்றேனும் முறியவில்லை. மேலிரண்டு திருகாணிகளும், அவற்றைக் கவ்வியிருந்த ‘ராவல் பிளக்’ என்னும் பிளாஸ்டிக் குழாய்களோடு, பூச்சைப் பெயர்த்துக்கொண்டு வெளிவந்திருந்தன. குழாயின் நீளம் 35 மில்லிமீட்டர்; பூச்சின் கனமோ ஏறக்குறைய 30 மில்லிமீட்டர். செங்கல்லை அவை தொட்டும் தொடாமலும் இருந்தன. மாட்டிய ஆள் பத்து நிமிடத்தில் வேலையை முடித்துக் கூலி பெற்றுச் சென்றாராம். அவரையே முழுதும் குறை சொல்லுதற்கும் இல்லை. தாங்கியோடு உறையில் வந்த திருகாணிகளைத்தான் அவர் இட்டார். அவ்வுறையைக் கட்டியவர் எச்சுவரைக் கண்டார்?

ஆகவே, தாங்கி வாங்கக் கடைக்குச் செல்லுமுன் சுவரை அறிந்துகொள்ளல் வேண்டும். நம் பக்கத்து வீடுகளிற் சுவர் ஒருதன்மையதன்று. மண்ணைக் குழைத்து எழுப்பிய பழஞ்சுவர் உண்டு. சேற்றுச் சாந்தில் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய செங்கற்சுவர் உண்டு. சிமெண்டுச் சாந்தில் ஒன்பது அங்குல அகலத்திற் கட்டிய செங்கற்சுவரும், அறைகளைப் பிரிக்கும் நாலரை அங்குலச் சுவரும் உண்டு. அண்மைக்காலத்தில் உள்ளே கூடான சிமெண்டுக் கல்லும், நீரில் மிதக்குமளவு இலேசான வெள்ளைக் கல்லும் மிகுந்துவிட்டன. கருங்கல்லால் எழுப்பிய சுவர் கிடைத்தவர் பாக்கியவான். துளையிடுதல் கடினமேயன்றி இட்டது அசையாது. (நாமக்கல் மலையின் இருபுறத்தும் குடைந்த குகைக்கோயில்களிற் சுவர்ச் சிற்பங்கள் எட்டாம் நூற்றாண்டு தொட்டு விழாது நிற்கின்றன. அவை சுவரில் மாட்டியவை அல்ல, சுவரே அவையாயின. நமக்கு அவ்வசதி இல்லை.)

சிமெண்டுச் சாந்திற் கட்டிய முழுச்செங்கற் சுவர் வீட்டுத் திரை எதனையும் தாங்கும். ஆனால் துளை செங்கல்லின் நடுவே இறங்க வேண்டும். இரு கற்களுக்கிடையேயுள்ள சாந்து வரியில் இறங்கினால் பிடிப்புக் குறையும். பூச்சின் கனத்தைக் கணக்கிற் சேர்த்தலாகாது. பூச்சு நீங்கலாகச் செங்கல்லினுள்ளே 50 மில்லிமீட்டரேனும் குழாய் செல்லுமாறு 80 மில்லிமீட்டர் நீளமுள்ள நைலான் குழாயும் அதற்கேற்ற தடித்த திருகாணியும் கேட்டு வாங்குக. விரிந்து இறுகும் இரும்பு போல்ட்டு காங்கிரீட்டுத் தூணுக்கும் உத்தரத்திற்கும் உரியது. செங்கல்லில் அதனை மிக முறுக்கினாற் கல் பிளந்துபோம்.

கூடான கல்லிற் சாதாரணக் குழாய் பிடியாது. கல்லின் ஓடு ஓரங்குலத்திற்குச் சற்று மேற்பட்ட கனமே உடையது. குழாயின் முனை வெற்றிடத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். இதற்கெனச் செய்த, உட்சென்று குடைபோல் விரியும் ஆணிகள் சிறு திரைகளுக்குப் போதும். பெருந்திரையாயின், நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையார் செய்வதையே நாமும் செய்யலாம். அவர்கள் பலகையைச் சட்டத்தோடு இணைக்கையில் ஆணியின் பிடிப்பை நம்புவதில்லை. ஊடுருவத் துளைத்துப் போல்ட்டைச் செலுத்தி, மறுபுறத்தில் அகன்ற வாஷரோ இரும்புத் தகடோ வைத்து நட்டு முடுக்குவர். சுவரின் மறுபக்கமும் நம் வீடேயாயின் இதனினும் உறுதியான வழி இல்லை. வெள்ளை இலேசுக் கல்லுக்கு அதற்குரிய குழாய் தனியே விற்கின்றது. துளைக்குங்கால் சம்மட்டி போல் அதிரும் விசையை நிறுத்திவிட்டுச் சுழற்சியால் மட்டும் துளைத்தல் வேண்டும். மண்சுவரிலும் சேற்றுச் சாந்துச் சுவரிலும் மாட்டவே வேண்டாம் என்பது எம் கருத்து. அங்கே அகன்ற மரமேசையும், திரையின் பின்புறத்தினின்று மேசையோடு பிணைத்த நாடாவுமே தக்கவை.

இனித் தாங்கி. கடைக்காரர் ‘வால் மவுண்ட்’ என்பார். சுவரோடு ஒட்டி அசையாது நிற்பது ஒருவகை. மேலிருந்து கீழ்நோக்கிச் சற்றே சாய்வது மற்றொருவகை. கையுடையது, முன்சொன்னதுபோல் இழுத்துத் திருப்பத்தக்கது. மூன்றாவதே விலையுயர்ந்தது; ஆதலின் சிறந்ததென்று எண்ணுவார் பலர். நீர் நிறைந்த குடத்தை இடுப்போடு அணைத்துச் செல்லும் பெண்மணியைக் காண்க. அக்குடத்தையே நீட்டிய கையிற் பிடிக்கச் சொன்னால் எத்தனை நொடி பிடிப்பார்? குடத்தின் எடை மாறவில்லை. உடலினின்றும் அதன் தூரமே மாறிற்று.

கணக்கிட்டே பார்ப்போம். திரையின் எடை 10 கிலோ. தாங்கித் தகட்டின் கீழ்விளிம்பிற்கும் மேற்றிருகாணிகளுக்கும் இடையே 15 சென்டிமீட்டர். கை 45 சென்டிமீட்டர் முன்னே நீண்டிருப்பின், கீழ்விளிம்பைத் தானமாகக் கொண்டு நெம்புகோல் முறைப்படி மேற்றிருகாணிகளைச் சுவரினின்று பிடுங்கும் விசை, பத்தை நாற்பத்தைந்தாற் பெருக்கிப் பதினைந்தால் வகுக்க வரும் 30 கிலோ ஆகும். அதே திரை சுவரையொட்டி 5 சென்டிமீட்டர் தூரத்தில் நிற்குமாயின் அவ்விசை மூன்றரைக் கிலோவும் இல்லை. நீட்டிய திரையை 15 கிலோ எடையுள்ள பிள்ளையொன்று பற்றித் தொங்கினாலோ 75 கிலோ! அத்தையின் வீட்டில் நாள்தோறும் இழுத்தலும் தள்ளுதலும் அத்துளைகளைச் சிறிது சிறிதாய் அகலச் செய்தன. கூடத்திலிருந்து மட்டும் காண்போர்க்கு ஒட்டிய தாங்கியோ சாயும் தாங்கியோ போதும். கையுடையதே வேண்டுமெனில் முழுச்செங்கல்லோ காங்கிரீட்டோ இன்றி அதனை நினைத்தலும் ஆகாது.

திரையின் முதுகிலுள்ள நான்கு துளைகளின் இடைவெளி ‘வேஸா’ என்னும் பொது அளவைப்படி அமைந்தது. 200-க்கு 200, 400-க்கு 400 மில்லிமீட்டர் என்றவாறு பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும். தாங்கியின் மேலும் அவ்வளவும், தாங்கத்தக்க எடையும் குறித்திருக்கும். இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதில் வேறு நுட்பம் இல்லை.

உயரத்தைப் பற்றி ஒன்று சொல்லல் வேண்டும். உணவுவிடுதியிற் கண்டது போல உத்தரத்தினடியில் ஏற்றிவிடுகின்றனர். பின்னர்க் கழுத்து நோகின்றதென்கின்றனர். விடுதியில் நின்றோர் தலை மறையாதிருக்க உயர்த்தினர். வீட்டில் நாம் அமர்ந்தன்றோ காண்கின்றோம்? நாற்காலியில் அமர்ந்தோர் கண் தரையினின்று ஏறத்தாழ 110 சென்டிமீட்டரும், பாயில் அமர்ந்தோர் கண் 75 சென்டிமீட்டரும் இருக்கும். திரையின் நடுப்பகுதி 110-ல் நிற்குமாயின் எட்டடி தூரத்திற் பாயிலிருப்போரும் வருத்தமின்றிக் காண்பர்.

வேலை தொடங்குமுன் திரையின் முதுகுத் துளைகளைப் பழைய செய்தித்தாளிற் குறித்துத் தாளைச் சுவரில் ஒட்டிப் பார்ப்பது நன்று. துளைகள் பல திரைகளில் நடுவில் இராமற் கீழே தாழ்ந்திருக்கும். இதனை மறந்தவர் அரையடி உயரத் தவறுவர். சுவிட்சுப் பலகைக்கு நேர்மேலும் நேர்கீழும் பக்கத்தும் துளையிடலாகாது. சுவரினுள்ளே மின்கம்பிக் குழாய் பெரும்பாலும் அவ்வழியே செல்லும். குளியலறைக்குப் பின்சுவராயின் நீர்க்குழாயையும் எண்ணுக. மேல்வெயில் காயும் மேற்குச் சுவரையும் மழையில் ஊறும் சுவரையும் இயன்றவரை தவிர்க்க. கோடை நாட்களில் திரைக்குப் பின்னே காற்றுச் செல்ல விரற்கிடையேனும் இடம் வேண்டும்.

ரசமட்டம் வைத்து முதற்றுளையின் நேரே மற்றவற்றைக் குறித்தபின் துளைக்கலாம். துளைக்கையில் விழும் தூளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். திருச்செங்கோட்டு ஆழ்குழாய்க் கிணறு தோண்டுவோர் மேலே வரும் மண்ணையும் கற்பொடியையும் கண்டே கீழே இருப்பது யாதென உணர்வர். சுவரும் அவ்வாறே பேசும். முதலில் வருவது பூச்சின் சாம்பல்நிறத் தூள். அது சிவந்தவுடன் செங்கல் தொடங்கிற்று. அதுவரை சென்ற ஆழமே பூச்சின் கனம். சிவப்பு மீண்டும் சாம்பலாயின் சாந்து வரியைத் தொட்டோம், இடம் சிறிது மாற்றுக. திடீரெனக் கருவி முன்னே பாய்ந்தால் உள்ளே வெற்றிடம், அத்துளையை நம்பற்க. துளையினுள் நின்ற தூளை ஊதி வெளியேற்றாமற் குழாயைச் செலுத்தினால் அது தூளைக் கவ்வுமேயன்றிக் கல்லைக் கவ்வாது.

தகட்டை முடுக்கியபின் திரையை ஏற்றாது, இரு கைகளாலும் பற்றி உடலெடையைச் சாய்த்து இழுத்துப் பார்க்க. நாம் ஒருபடி மேற்சென்று 25 கிலோ அரிசி மூட்டையைக் கயிற்றாற் கட்டி ஓரிரவு தொங்கவிடுவோம். திரையின் முதுகில் இடும் திருகாணி மிக நீண்டதாயின் உள்ளுறுப்பைக் குத்தும். கையால் தடையின்றி ஏறும்வரை ஏற்றிப் பின்னரே கருவியால் இறுக்குக. தூக்குவோர் இருவர் வேண்டும். ஓரங்களைப் பிடிக்க வேண்டுமேயன்றி முகப்பை விரலால் அழுத்தலாகாது. ஒரு மாதம் கழித்துத் திருகாணிகளை மறுமுறை முடுக்கிப் பார்த்தல் போதும்.

அத்தையின் வீட்டிற்குப் புதுத் திரை வந்தபொழுது சாயும் தாங்கியொன்றை நாமே மாட்டினோம். பழைய துளைகளைச் சிமெண்டால் அடைத்து, ஒரு கல் தள்ளிப் புதிதாய்த் துளைத்தோம். மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் தூள் சிவந்தது. பாயும் எதிர்ச்சுவரோரம் மாற்றப்பட்டது. அடுக்களையிலிருந்து ஒன்றும் தெரியவில்லையே என்று அத்தை மட்டும் இன்றுவரை குறைகூறி வருகின்றார்.