காற்றுப் போன பந்திலிருந்து தொடங்குவோம்

"சித்தப்பா, நாங்கள் கிரிக்கெட் விளையாடுற பந்துக்கு ஏன் ரெனிஸ் போல் எண்டு பேர்?"

அண்ணையின் மகள் இதைக் கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. தீவகத்தில் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு ரெனிஸ் போலாவது கிடக்கும். பள்ளிக்கூட வளவிலும் கடற்கரை வெளியிலும் அடிபட்டு மயிர் உதிர்ந்து, மழையில் நனைந்து, கடைசியில் கூரைப் பீலிக்குள் போய்ச் சேரும். பனைமட்டையைச் செதுக்கினால் துடுப்பு தயார். ஆனால் அந்தப் பந்தைப் பெற்ற விளையாட்டை மட்டும் எங்கள் பிள்ளைகள் தொலைக்காட்சியில்தான் பார்க்கிறார்கள். பெரிய மைதானம், விலையான பொருட்கள், பயிற்றுநர் எல்லாம் வேண்டும் என்ற எண்ணமே காரணம். அந்த எண்ணத்தை மாற்றத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பந்து. கிழிந்துபோன ஒன்றைக் கத்தியால் இரண்டாகப் பிளந்து அவளுக்குக் காட்டினேன். உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் றப்பர் கோது. இரண்டு அரைக் கோதுகளை ஒட்டி, மேலே கம்பளியும் நைலோனும் கலந்த துணியைப் போர்த்தியிருக்கிறார்கள். அந்த றப்பருக்கும் இலங்கைக்கும் பழைய உறவு உண்டு. பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளில் முளைத்த கன்றுகள் 1876இல் கம்பஹாவின் ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. ஆசியாவின் றப்பர்த் தோட்டங்களுக்கு அது ஒரு தொடக்கம். அதற்கு அடுத்த ஆண்டுதான் முதலாவது விம்பிள்டன் போட்டி நடந்தது.

கோதுக்குள் அடைத்த காற்றின் அமுக்கம் வெளிக்காற்றைவிட அதிகம். பந்து துள்ளுவதற்கு றப்பரோடு அந்தக் காற்றும் சேர்ந்து உழைக்கிறது. 254 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விட்டால் 135 முதல் 147 சென்ரிமீற்றர் வரை எழும்ப வேண்டும் என்பது விதி. வீட்டில் பார்க்க அளவுகோல் தேவையில்லை. தலை உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் விட்டால் ஏறக்குறைய இடுப்புவரை வர வேண்டும். புதுப் பந்துகள் அடைத்த டப்பாவைத் திறக்கும்போது 'உஸ்' என்று கேட்கும், அதற்குள்ளும் அமுக்கம் இருப்பதால். வெளியே எடுத்த நாளிலிருந்து காற்று றப்பரின் ஊடாகவே மெல்ல மெல்லக் கசிந்து போகிறது. பந்து விளையாடாமல் கிடந்தாலும் சோர்ந்துதான் போகும்.

சோர்ந்த பந்தை எறிந்துவிடாதீர்கள். புதிதாகப் பழகுகிறவருக்கு அதுதான் நல்ல பந்து. புதுப் பந்து துள்ளித் தோளுக்கு மேலே போய்விடும், மெதுவான பந்து இடுப்பளவில் நின்று உங்களுக்காகக் காத்திருக்கும். சர்வதேச டென்னிஸ் சம்மேளனமும் இதைத்தான் செய்கிறது. சின்னப் பிள்ளைகளுக்குச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று மூன்று வகை மெதுவான பந்துகள் இருக்கின்றன. 2012 முதல், 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழமையான மஞ்சள் பந்துக்கு இடமே இல்லை.

அடுத்தது ஆடுகளம். முழுக் களத்தின் நீளம் 23.77 மீற்றர், ஒற்றையர் ஆட்டத்துக்கு அகலம் 8.23 மீற்றர். இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். சிவப்புப் பந்துக்கு ஏறக்குறைய 11 மீற்றர் நீளக் களம் போதும். ஒரு பட்மின்டன் களம் அதைவிடச் சற்றுப் பெரியது. அந்தக் கோடுகளுக்குள்ளேயே தாராளமாகப் பழகலாம், வலையை மட்டும் 80 சென்ரிமீற்றருக்கு இறக்கினால் சரி. வலைக்கு எங்கள் கரைகளில் பஞ்சமா? கழித்துப் போட்ட மீன்வலைத் துண்டை இரண்டு கம்புகளுக்கு நடுவே இழுத்துக் கட்டலாம். நடுவில் தொய்ந்தால் கவலைப்படாதீர்கள். உண்மையான டென்னிஸ் வலையும் அப்படித்தான், கம்பத்தருகே 107 சென்ரிமீற்றர், நடுவில் 91.4. நடுவால் அடிப்பது பாதுகாப்பு என்று ஆட்டக்காரர்கள் சொல்வது அதனால்தான்.

ரக்கெட்டின் நரம்புகளைத் தொட்டுப் பார்க்கும் கடற்றொழிலாளி உடனே சொல்லிவிடுவார், 'இது தடிச்ச தங்கூசிதானே' என்று. பெரிய பிழையில்லை. ஒரு காலத்தில் மாட்டுக் குடலிலிருந்து எடுத்த நரம்பே பெயர் பெற்றது. ஆனால் ஈரம் அதற்குப் பகை, கடற்காற்றில் தாங்காது. நைலோன் நரம்பு போதும். தொடங்குகிறவருக்கு நரம்பு கொஞ்சம் தளர்வாக இருப்பது நல்லது. அது பந்தை வாங்கி, பிறகு தள்ளிவிடும், கை அதிகம் உழைக்க வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு 68.5 சென்ரிமீற்றர் நீள ரக்கெட்டும், பிள்ளைகளுக்கு உயரத்துக்கேற்பக் குட்டையானதும் வாங்குங்கள். வளர்ந்த பிறகும் உதவும் என்று பெரிதாக வாங்கிக் கொடுத்தால் பிள்ளையின் மணிக்கட்டுத்தான் நோகும்.

களமும் துணையும் இல்லாதவருக்குச் சுவர் இருக்கிறது. நெடுந்தீவில் பவளக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள் பார்க்க எவ்வளவு அழகு! ஆனால் அவற்றில் அடித்தால் பந்து நினையாத திசைக்குப் போகும். பூசிய சுவர் வேண்டும், சனசமூக நிலையத்தின் பின்சுவர் போல. நிலத்திலிருந்து 91 சென்ரிமீற்றரில் கரியால் ஒரு கோடு. அதுதான் உங்கள் வலை. ஐந்தாறு எட்டுத் தள்ளி நின்று, பக்கவாட்டில் திரும்பி, கோட்டுக்கு மேலே மெல்ல அடியுங்கள். திரும்பி வரும் பந்து இரண்டு தரம் குத்தினாலும் பரவாயில்லை. உடம்புக்கு முன்னால், இடுப்பளவில் பந்தைச் சந்திக்க வேண்டும் என்பதொன்றுதான் முதல் மாதத்துப் பாடம். என் பெறாமகள் முதல் நாள் மூன்றுக்கு மேல் எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் பந்தை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். "பந்திட்டக் கையை விடாத பிள்ளை, காலைக் கொண்டு போ" என்றேன். அன்று பின்னேரமே ஏழு வந்தது.

இனிக் காற்று. சோளகம் வீசும் மாதங்களில் எங்கள் திறந்த வெளிகளில் பந்து சொன்ன இடத்தில் விழாது. விடியற்காலையில் விளையாடுவது ஒரு வழி. இன்னொரு வழி சுழற்சி. ரக்கெட்டைக் கீழிருந்து மேலாக உரசி அடித்தால் பந்து முன்பக்கமாக உருண்டுகொண்டே பறக்கும். அப்படிச் சுழலும் பந்து, தன்னைக் கடந்து போகும் காற்றைப் பின்புறத்தில் மேல்நோக்கித் திருப்பிவிடுகிறது. அதற்கு எதிர்விசையாகப் பந்து கீழே அமுங்குகிறது. காற்று பின்னாலிருந்து தள்ளினாலும் அது கோட்டுக்குள் விழ இதுவே உதவும். சுழலும் டென்னிஸ் பந்து வளைந்து போவதை நியூட்டன் 1672இலேயே கவனித்து எழுதியிருக்கிறார். ஒற்றைப்படை ஆட்டங்கள் முடிந்ததும் இருவரும் பக்கம் மாற வேண்டும் என்ற விதி எனக்கு மிகவும் பிடிக்கும். காற்றும் வெயிலும் இருவருக்கும் பொதுவாகிவிடுகின்றன.

பலமில்லாதவனுக்கு இந்த விளையாட்டு சரிவராது என்பவர்களுக்கு இராமநாதன் கிருஷ்ணனைச் சொல்வேன். 1937இல் நாகர்கோவிலில் பிறந்த தமிழர். தந்தையிடமே பழகியவர். 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார், அதை வென்ற முதல் ஆசியர் அவர். 1960இலும் 1961இலும் பெரியவர்களுக்கான அரையிறுதிவரை போனார். இரண்டு முறையும் அவரை வென்றவர்கள்தான் பட்டத்தையும் வென்றார்கள், முதலில் நீல் பிரேசர், பிறகு ரொட் லேவர். கிருஷ்ணனின் சேர்விஸில் வேகம் இருக்கவில்லை. பந்தை எங்கே வைப்பது என்ற கணக்கும் மென்மையான கையும் இருந்தன. சோர்ந்த பந்தோடு சுவரில் பழகுகிறவருக்கு முதலில் வருவதும் அந்தக் கைதான்.

புள்ளிக் கணக்கு 15, 30, 40 என்று விசித்திரமாக ஏறும், இரண்டு ஆட்டம் பார்த்தால் பழகிவிடும். சேர்விஸ்தான் பலரை விரட்டுகிறது. தலைக்கு மேலே பந்தைப் போட்டு அடிக்க வராவிட்டால் கீழ்க்கையால் அடித்துத் தொடங்குங்கள், விதி அதை அனுமதிக்கிறது. 1989 பிரெஞ்சுப் பகிரங்கப் போட்டியில், தசைப்பிடிப்பால் தவித்த 17 வயது மைக்கல் சாங் உலகின் முதல்நிலை வீரர் இவான் லெண்டிலுக்கு எதிராக அப்படித்தான் ஒரு பந்தைப் போட்டு, அந்தப் புள்ளியையும் ஆட்டத்தையும் வென்றார்.

பெறாமகள் இப்போது சுவரில் இருபத்திரண்டு வரை எண்ணுகிறாள். பக்கத்து வீட்டுப் பெடியனையும் கூட்டி வந்திருக்கிறாள். கரிக்கோடு அழிந்துவிட்டது, நாளைக்குத் திரும்பக் கீற வேண்டும்.