நள்ளிரவு மேடையும் நாட்பட்ட பழக்கமும்

மக்களைச் சிரிக்க வைப்பது அரிய கலை. அதனினும் அரியது, ஒரே மனிதர் அதே மக்களை வாரத்தில் ஐந்து இரவுகள், ஆண்டுக்கணக்காகச் சிரிக்க வைப்பது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தொலைக்காட்சி நிறுவனங்கள் எழுபது ஆண்டுகளாக இத்தகைய மனிதர்களைத் தேடி வந்திருக்கின்றன. அவர்களுக்காகக் கோடிக்கணக்கில் செலவிட்டிருக்கின்றன. சில வேளைகளில் கையில் இருந்தவரை அவசரத்தால் இழந்தும் இருக்கின்றன. அந்தப் போட்டியின் வரலாறு வெறும் கேளிக்கைக் கதையன்று. ஒருவர் ஒரு பணியில் நிலைபெறுவது எங்ஙனம், அதற்கு யார் யார் காத்திருக்க வேண்டும் என்னும் கேள்விகளுக்கு அதில் விடை இருக்கிறது. ஆதலின் மாணவர்களாகிய நீங்கள் அதனைச் சற்றே கருதிப் பார்ப்பது நலம்.

முதலில் அந்நிகழ்ச்சியின் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். அமெரிக்காவில் மாலைப்பொழுதின் பெரிய நிகழ்ச்சிகள் முடிந்ததும், நாட்டின் கீழைப் பகுதியில் இரவு 11 மணிக்கு, அந்தந்த ஊர் நிலையங்கள் அரைமணி நேரம் உள்ளூர்ச் செய்தியை ஒளிபரப்பும். அதன்பின் 11.35 மணிக்கு இரவு நிகழ்ச்சி தொடங்கும். தொகுப்பாளர் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்று, அன்றைய செய்திகளைப் பற்றி நகைச்சுவையாகச் சில நிமிடம் பேசுவார். பின்னர் ஒரு மேசைக்குப் பின்னே அமர்வார். பக்கத்திலுள்ள இருக்கையில் நடிகர், எழுத்தாளர், விளையாட்டு வீரர், அரசியல் தலைவர் என ஒருவர் பின் ஒருவராக விருந்தினர் வந்து உரையாடுவர். ஓர் இசைக்குழு உடனிருக்கும். என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி. ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களின் நிகழ்ச்சிகளும் ஏறக்குறைய இதே வடிவில் அமைந்தவை. புதுப்படம் ஒன்று வெளிவரும்போது அதில் நடித்தவரே இன்று ஒரு மேடையிலும் நாளை மற்றொரு மேடையிலும் தோன்றுவதுண்டு.

நேரமும் ஒன்று, வடிவமும் ஒன்று, விருந்தினரும் ஒருவரே என்றால் வேறுபாடு எதில் இருக்கிறது? மேசைக்குப் பின்னே அமர்ந்திருக்கும் மனிதரில்தான் இருக்கிறது. உறங்கப் போகுமுன் யாருடைய முகத்தைக் கண்டு, யாருடைய குரலைக் கேட்டு அன்றைய நாளை முடித்துக்கொள்ள வேண்டும் என்பதை வீட்டிலிருப்போர் தீர்மானிக்கின்றனர். அந்தத் தீர்மானம் ஒரு முறை பழக்கமாகிவிட்டால் எளிதில் மாறுவதில்லை.

இப்பழக்கத்துக்கு விலையும் உண்டு. நீல்சன் என்னும் நிறுவனம், தேர்ந்தெடுத்த வீடுகளில் எந்நிகழ்ச்சி பார்க்கப்படுகிறது என்பதை அளந்து, நாடு முழுவதற்கும் கணக்கு உரைக்கிறது. அக்கணக்கைக் கொண்டே விளம்பரக் கட்டணம் பேசப்படுகிறது. மொத்தம் எத்தனை பேர் பார்த்தனர் என்பதோடு, 18 முதல் 49 வயது வரையுள்ளோர் எத்தனை பேர் என்பதையும் விளம்பரதாரர் உற்று நோக்குவர். இன்னுமொன்று: தொகுப்பாளர் எவ்வளவு திறமை படைத்தவராயினும், அவருக்கு முன் நடக்கும் நிகழ்ச்சி சோர்ந்து போயிருந்தால் அவருக்கும் கூட்டம் குறையும். ஓடையில் நீர் வற்றினால் கடைமடை வயல் காய்வது போன்றது இது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

என்.பி.சி. நிறுவனத்தின் 'டுநைட் ஷோ' 1954 செப்டம்பரில் ஸ்டீவ் ஆலன் என்பவரின் தலைமையில் நாடளாவிய நிகழ்ச்சியாகத் தொடங்கிற்று. 1957 முதல் ஜாக் பார் அதனை நடத்தினார். 1962 மார்ச்சில் அவர் விலகினார். அவருக்குப்பின் வரவேண்டிய ஜானி கார்சன் வேறொரு நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தார். என்.பி.சி. ஆறு மாதம் தற்காலிகத் தொகுப்பாளர்களைக் கொண்டு நிகழ்ச்சியை ஓட்டிவிட்டு அவருக்காகக் காத்திருந்தது. 1962 அக்டோபர் முதல் நாள் மேடையேறிய கார்சன் 1992 மே 22 வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், அந்த இடத்தில் வீற்றிருந்தார். ஆறு மாதக் காத்திருப்புக்கு முப்பது ஆண்டு விளைச்சல்!

அந்த முப்பது ஆண்டுகளில் அவரை எதிர்த்து வந்தோர் பலர். ஜோயி பிஷப், மெர்வ் கிரிஃபின், டிக் கேவட் ஆகியோர் பிற நிறுவனங்களின் சார்பில் முயன்றனர். கார்சன் விடுமுறை எடுத்தபோதெல்லாம் அவர் இடத்தில் அமர்ந்து பழகிய ஜோன் ரிவர்ஸ் அம்மையாரும் 1986-இல் ஃபாக்ஸ் நிறுவனத்தில் தனி நிகழ்ச்சி தொடங்கினார். மறு ஆண்டே அதிலிருந்து விலக நேர்ந்தது. இவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். மக்களின் பழக்கம் வேறிடத்தில் வேரூன்றி விட்டது, அவ்வளவே.

கார்சன் ஓய்வு பெற்றபோது அவ்விடத்துக்கு இருவர் தகுதியாளராக நின்றனர். ஒருவர் ஜே லெனோ. மற்றொருவர் டேவிட் லெட்டர்மன். இவர் 1982 முதல் கார்சனை அடுத்து, நள்ளிரவு கடந்த நேரத்தில் நிகழ்ச்சி நடத்திப் பெயர் பெற்றவர். என்.பி.சி. லெனோவைத் தேர்ந்தது. லெட்டர்மன் சி.பி.எஸ். நிறுவனத்துக்குச் சென்று, நியூயார்க் பிராட்வேயிலுள்ள எட் சல்லிவன் அரங்கில் 1993 ஆகஸ்டு 30 அன்று புதிய நிகழ்ச்சியைத் தொடங்கினார். தொடங்கியதும் அவரே முன்னணியில் நின்றார். லெனோ தோற்றார் என்றே பலர் எழுதினர்.

ஆயினும் 1995-இல் நிலை மாறியது. அவ்வாண்டு ஜூலையில், ஊர்வாயில் விழுந்திருந்த ஆங்கில நடிகர் ஹியூ கிராண்ட் லெனோவின் மேடைக்கு வந்தார். அன்றிரவே வெற்றி கைமாறிற்று என்று கூறுவது வழக்கம். அது முழு உண்மையன்று. முந்தைய ஆண்டிலேயே லெனோ தம் அரங்கை மாற்றியமைத்திருந்தார். நகைச்சுவை விடுதிகளில் மக்களருகே நின்று பேசிப் பழகியவர் அவர். பெரிய மேடையின் தொலைவு அவருக்கு ஒத்துவரவில்லை. புதிய அரங்கில் மக்கள் அவருக்கு அருகே அமர்ந்தனர். முன்னுரைப் பேச்சும் நீண்டது. மறுபுறம், சி.பி.எஸ். கால்பந்தாட்ட ஒளிபரப்பு உரிமையையும் சில ஊர் நிலையங்களையும் இழந்து வலுக்குன்றி இருந்தது. ஓடையின் நீர் குறைந்தது. ஆகவே ஓர் இரவு வாயிலைத் திறந்தது உண்மை. வாயில் வரை அவரை நடத்தி வந்தவை ஓராண்டு உழைப்பும் சூழ்நிலையுமே.

இனி நம் கருத்துக்கு உயிர்நாடியான கதைக்கு வருவோம். லெட்டர்மன் விட்டுச் சென்ற நள்ளிரவு இடத்துக்கு, 1993 செப்டம்பரில், கோனன் ஓ'பிரையன் என்னும் முப்பது வயது இளைஞர் நியமிக்கப்பட்டார். பிறருக்கு நகைச்சுவை எழுதித் தந்தவரே அன்றி, திரையில் மக்கள் அறிந்த முகமல்லர். தொடக்கத்தில் அவர் பதறினார், தடுமாறினார். பத்திரிகை விமரிசகர்கள் கடுமையாகச் சாடினர். நிறுவனமும் அவரை நீக்கிவிட எண்ணிற்று. ஒரு கட்டத்தில் 13 வாரம், 13 வாரமாகவே ஒப்பந்தத்தை நீட்டித்தது. ஆனால் நீக்கவில்லை. சில ஆண்டுகளில் அவருடைய விநோதமான நகைச்சுவைக்கு இளைஞர் கூட்டமொன்று சேர்ந்தது. சாடிய விமரிசகருள் ஒருவரே தம் தீர்ப்பை மாற்றிப் பாராட்டி எழுதினார். அந்நிகழ்ச்சியை அவர் 2009 பிப்ரவரி வரை, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார்.

அதே மனிதருக்கு அதே நிறுவனம் 2009 ஜூன் முதல் நாள் 'டுநைட் ஷோ'வை ஒப்படைத்தது. ஆனால் லெனோவையும் விட மனமின்றி, அவருக்கு இரவு 10 மணிக்கு ஒரு தினசரி நிகழ்ச்சியைத் தந்தது. அந்நிகழ்ச்சியைப் பார்ப்போர் குறைந்தனர். அதை அடுத்து வரும் உள்ளூர்ச் செய்திக்கும் கூட்டம் குறைந்தது. ஊர் நிலையத்தார் முறையிட்டனர். செய்தியை அடுத்து வரும் ஓ'பிரையனுக்கும் குறைந்தது. 2010 ஜனவரியில் நிறுவனம் ஒரு வழி சொல்லிற்று: 11.35-க்கு லெனோ அரைமணி நடத்துவார். 'டுநைட் ஷோ' நள்ளிரவுக்குப்பின் 12.05-க்குத் தொடங்கும். ஐம்பதாண்டு மரபை நள்ளிரவுக்கு அப்பால் தள்ள இசையேன் என்று ஓ'பிரையன் மறுத்தார். ஜனவரி 22-இல் விலகினார். அவருக்குக் கிடைத்த காலம் எட்டு மாதங்கூட இல்லை. உடன்பாட்டின்படி நிறுவனம் தந்த தொகை சுமார் 4 கோடியே 50 லட்சம் டாலர். அதில் சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலர் அவருடைய ஊழியர்களுக்குரியது. அவரை நம்பி நியூயார்க்கை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. மேசைக்குப் பின்னே ஒருவர் இருப்பினும், அந்த மேசையை நம்பி வாழ்வோர் பலர் என்பதை நாம் மறத்தலாகாது.

மாணவர்களே, இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1993-இல் அனுபவமில்லாத இளைஞர், காலம் கிடைத்தது, நிலைபெற்றார். 2009-இல் அனுபவம் முதிர்ந்தவர், காலம் கிடைக்கவில்லை, வெளியேறினார். திறமை மட்டுமே முடிவைத் தீர்மானிப்பதாயின் இது தலைகீழாக அன்றோ நடந்திருக்க வேண்டும்?

பொறுமையின் பயனுக்கு வேறு சான்றுகளும் உண்டு. ஜிம்மி கிம்மல் 2003 ஜனவரியில் ஏ.பி.சி. நிறுவனத்தில் தொடங்கி, நள்ளிரவு கடந்த நேரத்திலேயே பத்தாண்டு உழைத்த பின்னர்தான் 2013-இல் 11.35 மணி இடத்துக்கு வந்தார். லெட்டர்மன் 2015 மே மாதம் ஓய்வு பெற்றபின் அவ்விடத்துக்கு வந்தவர் ஸ்டீஃபன் கோல்பேர். இவர் அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் தம் பெயரிலேயே ஒரு கற்பனைப் பாத்திரமாக நடித்தவர். வேடத்தைக் கழற்றிவிட்டு இயல்பான மனிதராக மக்கள் முன் நிற்க அவருக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. தொடக்கத்தில் என்.பி.சி.யின் ஜிம்மி ஃபாலனுக்குப் பின்தங்கியிருந்தார். அரசியல் செய்திகளைத் தெளிந்த குரலில் விமரிசிக்கத் தொடங்கிய பின், 2016-17 பருவத்தில் மொத்தப் பார்வையாளர் எண்ணிக்கையில் அவரே முன்னணிக்கு வந்தார்.

பொறுமைக்கு வரம்பே இல்லையோ என்று கேட்கலாம். உண்டு. 1993-இல் செவி சேஸ் என்னும் புகழ்பெற்ற திரைப்பட நடிகர் ஃபாக்ஸ் நிறுவனத்தில் தொடங்கிய நிகழ்ச்சி ஆறு வாரத்துக்குள் நிறுத்தப்பட்டது. புகழ் என்பது வேறு. நாள்தோறும் வீட்டுக்குள் வரும் விருந்தாளியாக ஏற்கப்படுவது வேறு. எவரிடம் வளர்ச்சியின் அறிகுறி தென்படுகிறது, எவரிடம் தென்படவில்லை என்று பகுத்தறிவதே நிலையத்தாரின் கடமை.

காலமும் மாறி வருகிறது. இன்று பலர் முழு நிகழ்ச்சியையும் இரவில் விழித்திருந்து பார்ப்பதில்லை. வேண்டிய துண்டை மட்டும் மறுநாள் கைபேசியில் பார்த்துவிடுகின்றனர். விளம்பர வருவாய் சுருங்கிவிட்டது. கோல்பேர் தம் நேரத்தில் முன்னணியில் இருந்தும், அவருடைய நிகழ்ச்சி 2026 மே மாதத்தோடு முடிவடையும் என்று சி.பி.எஸ். 2025 ஜூலையில் அறிவித்தது. பொருளாதாரமே காரணம் என்றது நிறுவனம். அரசியலும் காரணமோ என்று ஐயுற்றோர் பலர். பழக்கம் சிதறும்போது, முதலிடமும் காப்பாகாது போலும்.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? நிலைபெறுதல் மூவர் கூடிச் செய்யும் காரியம். பணியேற்றவர் தம் இயல்பான குரலைக் கண்டுகொள்ள வேண்டும். பார்ப்போர் அக்குரலுக்குப் பழக வேண்டும். அமர்த்தியவர் அதுவரை பொறுத்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் காரியம் கெடும்.

புதிய ஆசிரியர் ஒருவர் உங்கள் வகுப்புக்கு வருகிறார் என்று கொள்ளுங்கள். முதல் வாரத்தில் அவர் குரல் நடுங்கலாம். கரும்பலகையில் எழுத்து கோணலாம். முந்தைய ஆசிரியரோடு ஒப்பிட்டு நீங்கள் சிரிக்கவும் கூடும். அப்போது நீங்களே பார்வையாளர், நீங்களே விமரிசகர். நாளை நீங்கள் ஓர் அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ தொழிற்சாலையிலோ முதல் நாள் பணியேற்கும்போது, மேசைக்குப் பின்னே தடுமாறுபவர் நீங்களாகவே இருப்பீர்கள். உங்களுக்கு அன்று எத்தகைய பொறுமை வேண்டுமோ, அதை இன்றே பிறருக்கு வழங்கப் பழகுங்கள்.