கிட்டார்ப் பலகையும் காற்றின் ஈரமும்

வீணை, கிட்டார் ஆகிய இரண்டும் மரத்தால் ஆன தந்தி வாத்தியங்களே எனினும், அவற்றை உருவாக்கும் முறைகள் முற்றிலும் மாறுபட்டவை. வீணையின் குடம் பலாமரத்தைக் குடைந்து எடுக்கப்படுகிறது. ஏகாண்ட வீணையில் குடமும் தண்டியும் ஒரே மரத்துண்டிலிருந்தே செதுக்கப்படுகின்றன. கிட்டாரோ குடையப்படுவதில்லை, மெல்லிய பலகைகளை இழைத்து, வளைத்து, பசையிட்டு ஒட்டிச் செய்யப்படும் ஒரு பெட்டியே அது. தந்தியின் அதிர்வைக் குதிரையின் வழியாகப் பெற்றுக் காற்றுக்கு அளிக்கும் அதன் மேல்பலகை, சாதாரணமாக இரண்டரை மில்லிமீட்டர் கனமே உடையது. வாத்தியத்தின் குரல் இம்மென்மையிலிருந்தே பிறக்கிறது. அதன் பலவீனமும் இதிலேதான் இருக்கிறது.

பெங்களூரில் வீட்டின் ஓர் அறையையோ கார்க் கொட்டகையையோ பட்டறையாக மாற்றிக்கொண்டு கிட்டார் செய்ய முற்படும் ஆர்வலருக்கு இழைப்புளி, உளி, நுண்பல் இரம்பம், சில டஜன் பிடிகருவிகள் ஆகியவற்றைத் தவிரப் பெரிய இயந்திரம் எதுவும் அவசியமன்று. கடல்மட்டத்திற்குச் சுமார் 920 மீட்டர் உயரத்தில் மிதமான உஷ்ணநிலையுடன் அமைந்துள்ள அந்நகரம் மரவேலைக்கு மிகவும் ஏற்றதென்றே எவருக்கும் தோன்றும். உஷ்ணமானி மட்டும் கையிலிருப்பின் அவ்வாறு எண்ணுவதில் தவறில்லை. காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியோ வேறு கதை சொல்லும். ஆகஸ்ட் மாதக் காலை வேளைகளில் காற்றின் ஈரப்பதம் 80 சதவிகிதத்தைத் தாண்டுகிறது. மார்ச் மாதப் பிற்பகலில் அது 30 சதவிகிதத்திற்கு அண்மையில் இறங்கிவிடுகிறது. மாதக்கணக்கில் உழைத்துச் செய்த வாத்தியங்கள் முதல் கோடையிலேயே வெடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கைத்திறனின் குறைவன்று, இவ்வேறுபாடே காரணமாகும்.

மரம் உலர்ந்துவிட்டது என்று நாம் கூறுவது முழு உண்மையன்று. வெட்டப்பட்ட மரத்தின் உயிரணுக்களின் உள்வெளியில் நிறைந்துள்ள நீர் முதலில் வெளியேறிவிடுகிறது. ஆனால் உயிரணுச் சுவர்களுக்குள் பிணைந்துள்ள நீர் ஒருபோதும் முழுமையாக நீங்குவதில்லை. சுற்றியுள்ள காற்றின் நிலைக்கேற்ப அது கூடியும் குறைந்தும் வரும். காற்றின் ஈரப்பதம் 30 சதவிகிதமாக நிலைத்திருப்பின் மரத்தில் அதன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 6 சதவிகித நீர் தங்கும். 80 சதவிகிதமாயின் ஏறக்குறைய 16 சதவிகிதம் தங்கும். மேற்பூச்சாக இடப்படும் வார்னிஷ் இப்பரிமாற்றத்தைத் தாமதப்படுத்துமே ஒழியத் தடுத்து நிறுத்தாது. பெட்டியின் உட்புறத்தில் பெரும்பாலும் பூச்சே இருப்பதில்லை என்பதையும் கருத வேண்டும்.

சுவர்களில் நீர் ஏறும்போது மரம் பருக்கிறது, இறங்கும்போது சுருங்குகிறது. இம்மாற்றம் எல்லாத் திசைகளிலும் ஒன்றுபோல் நிகழ்வதில்லை. நார் ஓடும் நீளவாக்கில் அது புறக்கணிக்கத்தக்கது. அடிமரத்தின் மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் திசையில் ஓரளவும், ஆண்டு வளையங்களைத் தழுவிச் செல்லும் திசையில் அதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேலும் அது நிகழ்கிறது. மேல்பலகைக்குப் பெரிதும் விரும்பப்படும் ஸ்ப்ரூஸ் மரத்தை எடுத்துக்கொள்வோம். பகலிரவு ஏற்றத்தாழ்வுகள் போக, ஆண்டிற்குள் பலகையின் ஈரம் 5 சதவிகிதம் மாறுவதாகக் கொண்டால், 370 மில்லிமீட்டர் அகலமுள்ள பலகை, வளையக் கோடுகள் அதன் முகத்திற்குச் செங்குத்தாக நிற்குமாறு அறுக்கப்பட்டிருப்பின், 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக அசையும். வளையங்கள் படுக்கையாகக் கிடக்குமாறு அறுக்கப்பட்டிருப்பின் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் அசையும். விலை கூடினும் முதல் வகைப் பலகையையே கைவினைஞர் தேடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

பலகை தன்னிச்சையாக அசைய முடியுமாயின் தீங்கில்லை. ஆனால் ஓசைத்துளைக்கு மேலும் கீழும், முதுகுப் பலகையின் பல இடங்களிலும், நாரின் குறுக்கே தாங்குகட்டைகள் ஒட்டப்படுகின்றன. குதிரையும் குறுக்காகவே அமர்கிறது. இக்கட்டைகள் தம் நீளவாக்கில் அசைவதில்லை. எனவே ஆகஸ்டில் பருத்திருக்கும் பலகையின் மீது கட்டையை ஒட்டினால், மார்ச்சில் சுருங்க முயலும் பலகையைக் கட்டை விடாமல் பிடித்துக்கொள்கிறது. இழுவிசை மிகுந்து, நடு ஒட்டோ பலகையோ நாரின் வழியே பிளக்கிறது. மாறாக, வறண்ட காலத்தில் ஒட்டப்பட்ட பலகை மழைக்காலத்தில் பருக்க முயலும்போது மேல்நோக்கிச் சற்றே குவிகிறது. குவிவதைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். பிளந்த பலகையில் பொருத்தும் ஒட்டு என்றும் தெரிந்துகொண்டேயிருக்கும்.

ஆதலால் பெங்களூர்ப் பட்டறையில் தாங்குகட்டை ஒட்டும் வேலையைப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில் வைத்துக்கொள்வதே விவேகம். மழைக்காலத்தில் மரத்தை அறுக்கலாம், கழுத்தைச் செதுக்கலாம், பக்கப் பலகைகளை வளைக்கலாம். பருவத்திற்குக் காத்திருக்க இயலாதோர், பழைய இழைவிளக்கு ஒன்றைப் பொருத்திய மூடிய பெட்டியில் பலகைகளைச் சில நாட்கள் வைத்து, காற்றின் ஈரப்பதம் 40 முதல் 45 சதவிகிதம் வரை இருக்குமாறு காத்து, வெளியே எடுத்ததும் தாமதமின்றி ஒட்டுவர். ஒட்டுவது வச்சிரமாயினும் இக்காலத்து வெள்ளைப் பசையாயினும் விதி ஒன்றே.

ஈரமானிகளை அப்படியே நம்புவதற்கில்லை. மலிவானவை 10 சதவிகிதம் வரையிலும் பிழை காட்டக்கூடும். அவற்றைச் சோதிக்க எளிய முறை ஒன்று உண்டு. சமையல் உப்பைச் சிறிது நீர் விட்டுக் குழைத்து, ஒரு மூடியில் இட்டு, ஈரமானியுடன் காற்றுப்புகாத டப்பாவில் ஓர் இரவு வைத்தால், உள்ளிருக்கும் காற்று 75 சதவிகித ஈரப்பதத்தை அடையும். கருவி காட்டும் வேறுபாட்டைக் குறித்துக்கொண்டால் போதும். அன்றியும், மேல்பலகையில் வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்றை அதன் அருகிலேயே வைத்து, நகை நிறுக்கும் சிறு தராசில் அன்றாடம் நிறுத்துவரலாம். பல நாட்கள் எடை மாறாதிருப்பின் மரம் காற்றுடன் சமநிலை எய்திவிட்டதெனக் கொள்ளலாம்.

மற்ற வேலைகள் இத்துணைத் தொல்லை தருவனவல்ல. இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள பக்கப் பலகைகளை நனைத்துச் சூடேறிய குழாயின் மீது அழுத்த, மரத்திலுள்ள லிக்னின் இளகி வளைவு உண்டாகிறது. மெட்டுகளின் இடத்தைக் கணிக்க, எஞ்சியுள்ள தந்தி நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817 ஆல் வகுத்தால் போதும். 650 மில்லிமீட்டர் தந்திக்கு முதல் மெட்டு 36.5 மில்லிமீட்டரில் விழும். கணக்கு ஒருமுறை சரியாயின் என்றும் சரியே.

மரத் தேர்வைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். தென்னிந்தியக் காடுகளின் ஈட்டி மரம், அதாவது தோதகத்தி, உலகெங்கும் கிட்டாரின் முதுகிற்கும் பக்கங்களுக்கும் உபயோகிக்கப்படுகிறது. பிரேசில் நாட்டு ஈட்டி கிடைப்பது அரிதானதால், அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-ஆம் ஆண்டில் இந்திய ஈட்டிக்கு மாறியது. 2017-இல் ஈட்டி இனம் முழுவதும் பன்னாட்டு வாணிபக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2019-இல் முற்றுப்பெற்ற வாத்தியங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆயினும் ஈட்டி கிடைக்காவிடில் மனம் தளர வேண்டியதில்லை. ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெஸ், மேல்பலகையே ஓசையின் ஆதாரம் என்பதை மெய்ப்பிக்க, 1862-இல் முதுகையும் பக்கங்களையும் காகிதக் கூழ் அட்டையால் அமைத்து ஒரு கிட்டாரையே செய்து காட்டினார். நன்கு பதப்பட்ட உள்நாட்டு மரம் அவ்வட்டையினும் தாழ்ந்ததாகாது.

முதன்முறை முயல்வோர் யூகலேலியில் தொடங்குவது நலம். 1879-இல் மதேரா தீவிலிருந்து ஹவாய்க்குக் குடியேறிய போர்ச்சுகீசியருள் மரத்தச்சர் சிலர், தம் நாட்டுச் சிறு வாத்தியத்தைத் தழுவி, அத்தீவின் கோவா எனும் வேலமர இனத்தில் செய்யத் தொடங்கியதே இது. அதன் நான்கு நைலான் தந்திகளின் மொத்த இழுவிசை சுமார் 16 கிலோகிராம். எஃகுத் தந்திக் கிட்டாரிலோ அது 70 கிலோகிராமைத் தாண்டும். பலகையின் அகலம் பாதிக்கும் குறைவாதலால் பருவகால அசைவும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே நிற்கும். பிழை நேரினும் வீணாகும் மரம் கையளவே.

பெங்களூரில் வறண்ட காலத்தில் ஒட்டப்பட்ட வாத்தியத்தைச் சென்னைக்குக் கொண்டுசெல்வோர், கடற்காற்றில் மேல்பலகை குவிந்து தந்திகள் மெட்டுகளுக்கு மேல் உயர்ந்திருப்பதைச் சில வாரங்களில் காண்பர். அச்சமயம் குதிரையின் மீதுள்ள எலும்புத் துண்டை அராவிக் குறைக்க முற்படலாகாது. தாழ்வான வேறொரு துண்டைச் செய்து மாற்றிக்கொண்டு, பழையதை உறையிலேயே பத்திரப்படுத்த வேண்டும். மீண்டும் பெங்களூரின் மார்ச் மாதத்திற்கு அது தேவைப்படும்.