சிக்னல் மீட்டர் வாங்குமுன்: முள்ளை நம்பலாமா?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மொட்டை மாடிகளில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இப்ப வருதா?” கீழே டிவி முன்னால் நிற்பவர், “இல்லப்பா, நோ சிக்னல்னுதான் காட்டுது” என்பார். காற்றில் லேசாக அசைந்துவிட்ட டிஷ்ஷைச் சரிசெய்ய அரை நாள் போய்விடும். மெக்கானிக்கைக் கூப்பிட்டால், மழைக்காலத்தில் அவருக்கும் ஓய்வு கிடையாது. ‘நாமே ஒரு சிக்னல் மீட்டர் வாங்கி வைத்துக்கொண்டால் என்ன?’ என்று பலரும் யோசிப்பது இதனால்தான். யோசனை நல்லதே. ஆனால், எந்த மீட்டர் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

வானத்தில் நெரிசல்

டிடிஎச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே வரிசையில் நிற்கின்றன. டாடா ப்ளேவுக்கு 83 டிகிரி கிழக்கு, ஏர்டெல்லுக்கு 108.2 டிகிரி. மாதக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ், 93.5 டிகிரியில் உள்ள ஜிசாட்-15இலிருந்து வருகிறது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய சேவை இது.

இந்த ஜிசாட்-15ஐ எடுத்துக்கொள்வோம். சென்னையில் டிஷ், வடக்கிலிருந்து கிழக்கு வழியாக 134 டிகிரி திரும்பி நிற்க வேண்டும். கிட்டத்தட்ட நேர் தென்கிழக்கு. மதுரையில் 122 டிகிரி போதும். மேல்நோக்கிய கோணம் இரண்டு ஊரிலும் ஏறத்தாழ 68 டிகிரி. செயற்கைக்கோள் இவ்வளவு உச்சியில் இருப்பதால் நம் ஊரில் ஒரு வசதி உண்டு. டிஷ்ஷை இடம் வலமாக 3 டிகிரி திருப்பினாலும் அதன் பார்வை வானத்தில் 1 டிகிரி அளவுதான் நகரும். மேல் கீழ்க் கோணமோ அப்படியே முழுதாக நகர்த்திவிடும். எனவே, சாய்வுக்கான போல்ட்டைத்தான் மிக நிதானமாகத் தொட வேண்டும். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் விளிம்பு அரை சென்டிமீட்டர் அசைந்தாலே ஒரு டிகிரி போய்விடும்.

ஜிசாட்-15க்கு அக்கம்பக்கத்தார் வேறு இருக்கிறார்கள்: 91.5 டிகிரியில் மீசாட், 95 டிகிரியில் எஸ்இஎஸ்-8. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலமோ சுமார் 3 டிகிரி. மூன்றின் சிக்னலும் கலந்துதான் உள்ளே வரும்.

முள் மீட்டர் சொல்லாதது

ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் முள் வைத்த ‘சாட் ஃபைண்டர்’ இங்கேதான் கைவிடுகிறது. இரண்டு சாக்கெட், ஒரு திருகு, ஒரு பீப் ஒலி. ஒரு சாக்கெட்டில், டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பியிலிருந்து வரும் ஒயர், இன்னொன்றில் செட்டாப் பாக்ஸுக்குப் போகும் ஒயர். பாக்ஸிலிருந்து வரும் மின்சாரத்தில்தான் இது ஓடும். டிஷ்ஷைத் திருப்பத் திருப்ப முள் ஏறும், சத்தம் கூடும். முள் கடைசிவரை போய் முட்டிக்கொண்டால் திருகைக் குறைத்துவிட்டுத் தொடர வேண்டும்.

ஆனால், உள்ளே வரும் மொத்தச் சக்தியை மட்டுமே இது அளக்கிறது. அது எந்தச் செயற்கைக்கோள் என்று இதற்குத் தெரியாது. முள் உச்சிக்குப் போகும், கீழே டிவியில் ஒன்றும் வராது. எல்என்பியைப் பிடிமானத்துக்குள் சுழற்றி வைப்பதில் பிழை இருந்தாலும் முள் பெரிதாகக் காட்டிக்கொடுக்காது.

டிஜிட்டல் மீட்டரில் என்ன பார்ப்பது?

சுமார் இரண்டாயிரம் ரூபாயிலிருந்து நாலாயிரம் வரை கையடக்க டிஜிட்டல் மீட்டர்கள் கிடைக்கின்றன. சிறிய திரை, உள்ளேயே பேட்டரி. எல்என்பிக்கு வேண்டிய 13, 18 வோல்ட்டை இதுவே கொடுத்துவிடும். செட்டாப் பாக்ஸை மாடிக்குத் தூக்க வேண்டியதில்லை. செயற்கைக்கோள், அலைவரிசை எண், சிம்பல் ரேட் (தரவு வரும் வேகம்) ஆகியவற்றை உள்ளிட்டால், குறிப்பிட்ட அந்த அலைவரிசை கிடைத்தால்தான் ‘லாக்’ என்று காட்டும். பக்கத்துச் செயற்கைக்கோள் ஏமாற்ற முடியாது. கட்டணச் சேனலின் படம் இதில் தெரியாதே என்று கவலை வேண்டாம். படம் பூட்டியிருந்தாலும் சிக்னலை அளக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது, ‘டிவிபி-எஸ்2’ தரத்தைப் படிக்குமா என்பது. சாட்லிங்க் 6906 போன்ற பழைய மாடல்கள் டிவிபி-எஸ் மட்டுமே படிக்கும். 6933 இரண்டையும் படிக்கும். இன்றைய சேனல்களில் பெரும்பகுதி எஸ்2 என்பதால், சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் பழைய மாடலை வாங்குவது வீண். ஐயாயிரத்தைத் தாண்டும் பெரிய திரை மீட்டர்கள் தொழில் செய்பவர்களுக்கு, வீட்டுக்குத் தேவையில்லை.

திரையில் இரண்டு பட்டைகள் இருக்கும். ‘ஸ்ட்ரெங்த்’ பட்டை, டிஷ் வெறும் வானத்தைப் பார்த்தாலும் ஓரளவு ஏறி நிற்கும். எல்என்பியின் இரைச்சலே போதும். நம்ப வேண்டியது ‘குவாலிட்டி’யை. டிவி படத்தை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். டிஜிட்டல் ஒளிபரப்பில், சிக்னல் தேவையான அளவைச் சற்றே தாண்டினாலும் படம் பளிச்சென்றுதான் இருக்கும். அடுத்த மழையில்தான் குட்டு உடையும். குவாலிட்டி உச்சம் தொடும்வரை திருப்பி, போல்ட்டை இறுக்கிய பிறகும் ஒருமுறை பாருங்கள். இறுக்கும்போது டிஷ் நகர்வது வழக்கம்.

செலவே இல்லாத வழி

ஒரே ஒரு வீடு, எப்போதாவது ஒருமுறை என்றால் மீட்டரே வேண்டாம். எல்லா செட்டாப் பாக்ஸிலும் மெனுவுக்குள் குவாலிட்டி காட்டும் பக்கம் இருக்கிறது. அதைத் திறந்துவைத்து, கீழே இருப்பவர் வீடியோ காலில் டிவியைக் காட்டட்டும். பாக்ஸ் தாமதமாகக் காட்டும் என்பதால், கொஞ்சம் திருப்பி, சில நொடி பொறுத்து, மறுபடி திருப்புங்கள். ஒயரைக் கழற்றுமுன் பாக்ஸின் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். நடுக்கம்பி வெளிப்புறத்தில் உரசினால் பாக்ஸ் பழுதாகலாம். மழை, இடி, அருகில் மின்கம்பி என்றால் மாடி ஏறவே ஏறாதீர்கள்.

பல வீடுகளுக்குப் பொதுவாக, அல்லது அடிக்கடி புயல் அடிக்கும் கடலோர ஊரில் என்றால், எஸ்2 படிக்கும் டிஜிட்டல் மீட்டர் ஒன்றை நாலைந்து வீட்டார் சேர்ந்து வாங்குங்கள். முள் மீட்டருக்குக் கொடுக்கும் காசு, எவ்வளவு குறைவாக இருந்தாலும், அதிகம்தான்.