பாட்டு பரவுகிறது, பெயர் தங்குகிறதா?

2021 மார்ச் 7ஆம் திகதி வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’ எந்தத் திரைப்படத்திலும் இடம்பெறாத பாட்டு. இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனின் தயாரிப்பில் பாடகி தீயும் பாடகர் அறிவும் பாடிய அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் ஆடினார்கள், தாங்களும் பாடினார்கள், வரிக்கு வரி பொருள் சொன்னார்கள். யூடியூபில் அதைப் பார்த்த கணக்கு 40 கோடியைத் தாண்டியது. பாட்டை எழுதிய அறிவு, அதன் வேர் தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை என்று நேர்காணல்களில் சொன்னார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழ்நாடு திரும்பிய பிறகும் கையகல நிலம்கூட இல்லாமல் வாழ்ந்தவர் அந்தப் பாட்டி. பாட்டு எங்கே போனாலும் ஹற்றனும் நுவரெலியாவும் அதனுடன் போயின என்று சொல்லலாம். ஆனால் கேட்டவர்கள் எத்தனை பேர் அதைக் கவனித்தார்கள் என்பது வேறு கேள்வி. ஒரு பாட்டின் ரசிகர்கள் உற்சாகத்தைப் பகிரும்போது இரண்டு வேலைகள் நடக்கலாம். பாட்டைப் பரப்புவது ஒன்று. பாட்டுக்குரியவர் பெயரையும் அவர் வந்த வழியையும் பாட்டோடு சேர்த்துக் கொண்டுபோவது மற்றொன்று. முதல் வேலை தானாகவே நடந்துவிடும். இரண்டாவது நடந்தால்தான் ரசனைக்கு மதிப்பு. ஹற்றனும் நுவரெலியாவும் உள்ள இலங்கை மலையகத்தின் பாட்டு வரலாறு இதற்குச் சான்று.

அறிவு தனியாக முளைத்த பாடகர் அல்லர். 2018 ஜனவரியில் இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து சென்னையில் மேடையேற்றிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவில் பாடியவர். 19 கலைஞர்களோடு தொடங்கிய அந்தக் குழு கானாவையும் பறையையும் ரொக் கிட்டாரையும் ராப்பையும் ஒரே மேடையில் கூட்டியது. அயோத்திதாசப் பண்டிதர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முன்வைத்த ‘சாதியற்ற தமிழர்’ என்ற கருத்திலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டது. சினிமாப் பாட்டு மட்டுமே பாட்டு என்று பழகிய ஊரில், படமில்லாத பாட்டுக்கு அந்தக் குழு ஒரு ரசிகர் வட்டத்தை உண்டாக்கியது. பாடுபவர் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார், ஏன் இதைப் பாடுகிறார் என்று கேட்டுப் பழகிய வட்டம் அது. அறிவின் பாட்டியைப் பற்றிய கதை இத்தனை பேரிடம் போய்ச் சேர்ந்ததில் அந்தப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு.

பாட்டியின் கதைக்குப் பின்னால்

பாட்டியின் கதை ஒரு குடும்பத்தின் கதை மட்டும் அல்ல. 1820களில் இலங்கைக் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். 1867இல் லூல்கந்தூரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். கோப்பி நோயில் அழிந்தபின் மலைநாடு முழுவதும் தேயிலை ஆனது. கங்காணிகளின் கீழ் கடல் கடந்து வந்தவர்கள் லயங்கள் எனும் வரிசை வீடுகளில் குடியமர்ந்து, பெரட்டு எனும் காலை ஆள்கணக்கெடுப்பில் பேர் கொடுத்து, கொழுந்து பறித்து நாட்டின் ஏற்றுமதி வருமானத்தைச் சுமந்தார்கள். சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே, 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கில் எடுத்தது. 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது, 3 லட்சம் பேரை இலங்கை ஏற்பது, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று பிரித்தது. அந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டன. எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதில் அந்த மக்களின் குரலுக்கு இடம் இருக்கவில்லை. ஒப்பந்தங்களில் எண்ணிக்கையாக மட்டும் இருந்தவர்களில் ஒருத்திக்குப் பேரனின் பாட்டால் பெயர் கிடைத்தது. அறிவு தன் இசைத்தொகுப்புக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்றே தலைப்பிட்டதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மலையகத்தில் பாட்டுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. பஞ்சம் பெயருக்குத்தான். தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து மலையில் பாடியவை, காமன் கூத்துப் பாட்டு என ஒரு பெரும் வாய்மொழிச் செல்வம் லயங்களில் வளர்ந்தது. மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்தார். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற அந்த நூல் 1983இல் வந்தது. தேயிலைத் தொழிலில் இருந்துகொண்டே எழுதிய சாரல்நாடன் ‘மலையக வாய்மொழி இலக்கியம்’ என்ற நூலைத் தந்தார். இவர்கள் இல்லாவிட்டால் அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை பாடியவர்களோடே போயிருக்கும். ஆனால் அவர்கள் வந்துசேர்ந்த வேளையில், முதலில் அந்தப் பாட்டைக் கட்டிய பெண் யார் என்று சொல்ல ஆள் இல்லை. கொழுந்தின் நிறையைத் தோட்டக் கணக்கு பெயருக்கு நேரே எழுதி வைத்தது. பாட்டை அப்படி எழுதிவைக்க எவரும் இல்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 1931இல் ஹற்றனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மை, கூட்டங்களில் பாடித் தொழிலாளரைத் திரட்டியவர். பத்திரிகைக்காரராகவும் இருந்த அவர், தன் பாட்டுகளைச் சிறு நூலாக அச்சிட்டு 1940இல் வெளியிட்டார். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்பது அதன் தலைப்பு. அச்சில் பெயர் இருந்ததால் பின்வந்த ஆய்வாளர்கள் அவரைத் தேடிக் கண்டடைய முடிந்தது. அவரது பாட்டைக் கேட்டு மனப்பாடம் செய்து தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோனவர்கள் பாட்டுக்கு ஆயுள் கொடுத்தார்கள். பாடகிக்கு ஆயுள் கொடுத்தது அந்தச் சிறு நூல்.

இதன் மறுபக்கத்தை இலங்கைப் பொப்பிசையில் பார்க்கலாம். 1970களில் ஏ.ஈ. மனோகரன் பாடிப் பரவலாக்கிய ‘சுராங்கனி’ கடல் கடந்து, 1977இல் வந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ என்ற தமிழ்நாட்டுப் படத்தில் இளையராஜாவின் இசையில் புது வடிவம் எடுத்தது. திருமண வீடுகளிலும் பஸ் பயணங்களிலும் கைதட்டிப் பாடியவர்கள் ஏராளம். 2018 ஜனவரியில் சென்னையில் மனோகரன் காலமானபோதுதான் அவர் பெயரை முதன்முதலில் கேட்டவர்களும் ஏராளம். இதே இலங்கையில் வேறொரு பழக்கமும் இருந்தது. இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களைத் தவறாமல் சொன்னார்கள். பாட்டை விரும்பிக் கேட்ட நேயர்களின் பெயரும் ஊரும்கூட ஒலிபரப்பில் வந்தன. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றைக்கும் ஒரு பழைய பாட்டின் கவிஞர் பெயரைத் தயங்காமல் சொல்வார்கள். பெயரோடு கேட்கும் ரசனை பழக்கத்தால் வருவது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பெயர் விடுபட்டபோது

2021 ஓகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும், யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி போலும் இடம்பெற்றார்கள். ‘என்ஜாய் எஞ்சாமி’, ‘நீயே ஒளி’ ஆகிய இரு பாட்டுகளின் வெற்றி அதில் பேசப்பட்டது. இரண்டிலும் எழுத்தில் பங்குள்ள அறிவின் முகம் அட்டையில் இல்லை. பா. இரஞ்சித் அதைப் பகிரங்கமாகச் சுட்டிக்காட்டினார். ரசிகர்கள் அந்தக் கேள்வியைக் கைவிடவில்லை. சில நாட்களில் அறிவை முகப்பாகக் கொண்ட டிஜிட்டல் அட்டையை அந்த இதழ் வெளியிட்டது. 2022 ஜூலை 28இல் சென்னையில் நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டைத் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு அங்கே இல்லை. பாட்டை உருவாக்கியதில் தன் உழைப்பு எவ்வளவு என்று அவர் அடுத்த சில நாட்களில் எழுதினார். விழா நேரத்தில் அறிவு அமெரிக்காவில் இருந்தார் என்றும், மெட்டில் தன் பங்கு என்ன என்றும், வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றும் சந்தோஷ் நாராயணன் விளக்கம் தந்தார்.

இதை ரசிகர் சண்டை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. மூன்று பேர் சேர்ந்து செய்த பாட்டில் ஒருவருக்காக மட்டும் கொடிபிடிப்பது மற்ற இருவருக்கு அநீதி என்பது அவர்கள் வாதம். அதில் நியாயமும் இருக்கிறது: இசையமைப்பாளரும் பாடகியும் இல்லாமல் அந்தப் பாட்டு இந்த வடிவில் இல்லை. ஆனால் விடுபட்ட பெயரைச் சேர்க்கச் சொல்வது இருக்கிற பெயரை அடிக்கச் சொல்வதாகாது. 2021இல் எழுந்த கேள்வியின் சாரம் சேர்க்கச் சொன்னதுதான். அதனால்தான் பலனும் கிடைத்தது. பாடகியை இழிவுபடுத்தும் அளவுக்குப் போனவர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே கெடுத்தார்கள்.

இன்னொரு வாதம் கனமானது. ஒப்பாரியும் நாட்டுப்புற மெட்டும் ஊருக்கே பொது; அவற்றிலிருந்து எழுந்த பாட்டுக்குத் தனி ஒருவர் உரிமை கொண்டாடலாமா என்று கேட்கிறார்கள். ஊருக்குப் பொது என்றால் அந்த ஊரின் பெயரையாவது சொல்ல வேண்டும் அல்லவா? மலையகப் பாட்டுகள் பொதுச் சொத்து என்று சொல்லப்பட்ட காலம் முழுவதும் அவற்றைக் கட்டிய மக்களுக்கு அதனால் புகழும் வரவில்லை, பொருளும் வரவில்லை. மரபிலிருந்து எடுத்துப் புதிதாகச் செய்தவர் பெயரையும், எடுத்த மரபுக்குரிய மக்களின் பெயரையும் ஒருங்கே சொல்லலாம். தன் பாட்டியின் பெயரைச் சொன்னதன் மூலம் அறிவு இரண்டையுமே செய்தார்.

அரக்கோணத்துக்காரரான அறிவின் பாட்டை மலையகத்தோடு எப்படிச் சேர்ப்பது என்றும் கேட்கலாம். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களும் மலையகத்தின் பாதிக் கதையே. கூடலூரிலும் கோத்தகிரியிலும் தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் வேலை பார்த்தவர்களும், வேறு ஊர்களில் கூலிக்குப் போனவர்களும் தங்கள் பாட்டையும் கூடவே கொண்டுபோனார்கள். அதேநேரம் அந்தப் பாட்டு, இலங்கையிலேயே தங்கியவர்களின் குரலுக்கு மாற்றாகிவிட முடியாது. 2012 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் என்று பதிவானவர்கள் 8 லட்சத்து 39 ஆயிரத்துக்கும் மேல். அவர்களிடையே எழுதுபவர்களும் பாடுபவர்களும் இருக்கிறார்கள். சென்னையிலிருந்து வந்த பாட்டைக் கொண்டாடும் ரசிகர், பொகவந்தலாவையில் பாடுபவரையும் கேட்கத் தொடங்கினால்தான் அந்தக் கொண்டாட்டம் முழுமையடையும்.

உற்சாகம் உலையில் வேகுமா?

பாட்டைப் பகிர்ந்தால் நாட்சம்பளம் கூடிவிடுமா என்பது மிகக் கடுமையான கேள்வி. பாட்டு வெளியான அதே மார்ச்சில்தான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை 1,000 ரூபாய் என்று நிர்ணயித்த வர்த்தமானி வந்தது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு கிடைத்த அந்தத் தொகையை எதிர்த்துக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. உலகம் அந்தப் பாட்டுக்கு ஆடிய நாட்களில் மலையில் சம்பள வழக்கு நடந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை. ரசிகர்கள் எவருக்கும் அதில் பொறுப்பும் இல்லை. ஏன், கலைஞர்களுக்கே பணம் போய்ச் சேரவில்லை: பாட்டால் தங்களுக்கு வருமானம் ஏதும் வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே சொன்னார். ஆகவே பார்வைக் கணக்கைக் காட்டி நீதி கிடைத்துவிட்டது என்று சொல்வது பொய். பாட்டால் ஆகக்கூடியது வேறு. 2023இல் மலையகத்தின் 200 ஆண்டுகளை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியில் மக்கள் நடந்தார்கள்; ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் முடிந்த அந்த நடைபவனி காணியும் வீடும் கண்ணியமான சம்பளமும் கேட்டது. இத்தகைய கோரிக்கை வெளியே ஒருவர் காதில் விழும்போது, கேட்பது யார் என்று அவருக்கு முன்பே தெரிந்திருப்பது பெரிய உதவி. அந்த அறிமுகத்தைப் பாட்டு செய்யும். அறிமுகத்துக்குப் பெயர் வேண்டும்.

ஆகவே ரசிகர்களிடம் கேட்பது பெரிய தியாகம் எதையும் அல்ல. ஒரு பாட்டைப் பிறருக்கு அனுப்பும்போது எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களை இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் சொன்னதுபோல முதலில் சொல்லுங்கள். எந்த மண்ணிலிருந்து வந்தது என்பதை ஒரு வரியில் சேருங்கள். மலையகத்து இளைஞர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்த பாட்டிகள் லயங்களில் இன்னும் இருக்கிறார்கள். கையில் பதிவு செய்யும் தொலைபேசியும் இருக்கிறது. பாட்டைப் பதிவு செய்யும்போது பாடியவர் பெயர், தோட்டம், டிவிஷன், ஆண்டு நான்கையும் அவர் சம்மதத்தோடு சேர்த்துப் பதியுங்கள். சி.வி. வேலுப்பிள்ளை தேடிப்போன காலத்தில் இந்த வசதி இருக்கவில்லை. இன்று இருக்கிறது, இனிமேலும் பெயர் விடுபட்டால் அந்தப் பிழை நம்முடையது.