உங்களுக்குத் தெரியுமா? – நிரபராதிக்குச் சேர வேண்டியது

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், செய்யாத குற்றத்துக்குச் சிறையிருந்து நிரபராதியாக வெளியே வருபவரிடம், இழப்பீடு கேட்டு எப்படி விண்ணப்பிப்பது என்பதைச் சிறைத் துறை கட்டாயம் சொல்லியாக வேண்டும். வாயால் சொன்னால் மட்டும் போதாது, எழுதியும் தர வேண்டும். மனுப் போட உதவும் தொண்டு அமைப்புகளின் பட்டியலையும் கையில் கொடுக்க வேண்டும். சட்டத்திலேயே இருக்கிறது.

இவ்வளவு கறார் ஏன்? அங்கே மூன்று ஆண்டுக் கெடு. சிறையில் கழிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 80,000 டாலர் உண்டு. கெடு தாண்டினால் அது போயிற்று. தங்க இடமும் வேலையும் தேடி அலைகிற மனிதருக்கு இப்படியொரு பணம் இருப்பது தானாக எப்படித் தெரியும்?

அந்த இழப்பீட்டுச் சட்டத்துக்கு டிம் கோல் சட்டம் என்று பெயர். லப்பக் நகரில் கல்லூரி மாணவராக இருந்தவர் கோல். பாலியல் வன்முறை வழக்கொன்றில் ஆள் மாறி அடையாளம் காட்டப்பட்டு, 1986இல் 25 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். உண்மைக் குற்றவாளி 1995இலேயே தவற்றை ஒப்புக்கொண்டு அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். அந்தச் செய்தி கோலின் காதுக்கு எட்டவே இல்லை. 1999இல் ஆஸ்துமா முற்றிச் சிறையிலேயே இறந்தார். அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் அறிவித்தது 2009இல். பத்து ஆண்டு தாமதம். படிக்கும்போதே நெஞ்சு அடைக்கிறது.

கலிபோர்னியாவில் இழப்பீடு பற்றிச் சொல்லும் பொறுப்பு நீதிமன்றத்துக்கு. குற்றமற்றவர் என்று முடிவானதும் இழப்பீட்டு உரிமையையும் அதற்கான கெடுவையும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஜப்பானில் இழப்பீடு அரசியலமைப்பே தரும் உரிமை, 40ஆவது பிரிவு. மரண தண்டனைக் கைதியாகப் பல பத்தாண்டுகள் வாடி, 2024இல் குற்றமற்றவர் என்று தீர்ப்புப் பெற்ற இவாவோ ஹகமாடாவுக்கு நாளொன்றுக்கு 12,500 யென் கணக்கில் 21.7 கோடி யென்னுக்கு மேல் கிடைத்தது. சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு அதுதான்.

நம் நாட்டில்? தனிச் சட்டம் கிடையாது. வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018இல், தன் 277ஆவது அறிக்கையில் சொன்னது. ஆனாலும் வழி அடைபடவில்லை. பீகாரின் ருதுல் ஷா 1968இல் விடுதலைத் தீர்ப்புப் பெற்றும், மேலும் 14 ஆண்டு சிறையிலேயே வைக்கப்பட்டிருந்தார். 1983இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு மொத்தம் 35,000 ரூபாய் கிடைக்கச் செய்தது. தொகை மிகச் சிறியது. ஆனால், அடிப்படை உரிமை பறிபோனால் ரிட் மனுவிலேயே இழப்பீடு கேட்கலாம் என்பதற்கு இன்றுவரை எடுத்துக்காட்டப்படுகிற தீர்ப்பு அது.

இப்படி ஒருவர் உங்கள் தெருவுக்குத் திரும்பி வந்திருந்தால், உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின் கீழ் மனுச் செய்ய இடமிருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் கேட்கச் சொல்லுங்கள். கட்டணம் கொடுக்க வழியில்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இலவசத் தொலைபேசி எண் 15100.