யாரும் ஒதுக்கித் தராத கருவி

அரூர் பக்கத்திலோ பென்னாகரம் பக்கத்திலோ காலனியில் இருக்கும் ஒரு பிள்ளை கிட்டார் கற்க ஆசைப்பட்டால், முதலில் காதில் விழுவது "அதெல்லாம் நமக்கெதுக்கு" என்ற பேச்சுதான். சொல்வது வெளியாள் அல்ல, பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களே. அவர்கள் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. காசு கொடுத்து ஒரு பொருள் வாங்கும் முன் அது சோறு போடுமா என்று கேட்டே வளர்ந்த தலைமுறை அது.

அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு பயமும் இருக்கிறது. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் நடந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அன்று எரிந்தது கூரை மட்டுமல்ல. பெங்களூரிலும் திருப்பூரிலும் கூலி வேலை பார்த்து வாங்கிய பைக், டிவி, பீரோ, பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் எரிந்தன. நம் வீட்டில் நல்லதாக ஒரு பொருள் இருப்பதே சிலர் கண்ணை உறுத்துகிறது என்பதை அந்த இரவு காட்டியது. அதனால்தான் ஒரு கிட்டாரை வெறும் பொழுதுபோக்குப் பொருளாக நம்மால் பார்க்க முடியவில்லை. நமக்குப் பிடித்த ஒன்றை, யாரையும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொள்ளும் உரிமை அதில் இருக்கிறது.

அடுத்த சிக்கல், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதது. தமிழ்நாட்டின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை கற்றுத்தரப்படுகின்றன. கிட்டார் அந்தப் பாடப்பட்டியலில் இல்லை. நகரத்தில் தனியார் வகுப்பு கிடைத்தாலும் மாதக் கட்டணத்தோடு பஸ் நேரத்தையும் பார்க்க வேண்டும். ஆகவே நம் பிள்ளைகளில் பலருக்கு வீட்டிலேயே தானாகக் கற்பதைத் தவிர வேறு வழியில்லை.

அது முடியுமா? கிட்டார் என்றதும் நம் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் பெயர் இளையராஜா. பண்ணைப்புரத்திலிருந்து 1968ல் சென்னைக்குப் போனவர், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்று, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப்பதக்கம் வாங்கினார். ஆனால் அவருக்கு ஆசிரியர் கிடைத்தார். ஆசிரியர் இல்லாமல் கற்றதற்குச் சாட்சியாக அவரை இழுப்பது சரியல்ல. அதற்கு அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண்மணி இருந்தார். பெயர் எலிசபெத் காட்டன்.

வட கரோலினா மாநிலத்தில் 1893ல் பிறந்தவர். அண்ணன் வேலைக்குப் போன நேரத்தில் அவருடைய பாஞ்சோவை எடுத்து, ஒருவரும் காட்டிக்கொடுக்காமல் பழகினார். பள்ளியை விட்டுவிட்டுச் சிறு வயதிலேயே வெள்ளையர் வீட்டு வேலைக்குப் போனார். மாதச் சம்பளம் 75 சென்ட். அதைச் சேர்த்து வைத்து 3 டாலர் 75 சென்டுக்குக் கிட்டார் வாங்கினார். கணக்குப் போட்டால் ஐந்து மாதக் கூலி. அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். வாங்கியதோ வலக்கைக்காரர்களுக்கான கிட்டார். கம்பிகளை மாற்றிக் கட்டாமல் கிட்டாரை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். மற்றவர்கள் கட்டைவிரலால் கனத்த ஒலியையும் மற்ற விரல்களால் மெட்டையும் வாசிக்க, இவர் விரல்களால் கனத்த ஒலியையும் கட்டைவிரலால் மெட்டையும் வாசித்தார். சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்திருந்தால் "தப்பு, திருப்பிப் பிடி" என்று முதல் நாளே திருத்தியிருப்பார். இன்று அந்த முறை அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. தானாகக் கற்ற ஏகலைவனிடம் கேட்டு வாங்கப்பட்டதும் கட்டைவிரல்தான் என்பது இதை எழுதும்போது நினைவுக்கு வராமல் இல்லை.

திருமணத்துக்குப் பின் பல ஆண்டுகள் காட்டன் கிட்டாரைத் தொடவில்லை. பிறகு வாஷிங்டனில் இசைக் குடும்பம் ஒன்றில் வீட்டு வேலைக்குச் சேர்ந்தார். அங்கே சுவரில் தொங்கிய கிட்டாரை எடுத்து வாசித்தபோதுதான் வேலைக்காரம்மாவுக்கு இது தெரியும் என்று அந்த வீட்டாருக்கே தெரிந்தது. 1958ல் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். தொண்ணூறைத் தாண்டிய பிறகு கிராமி விருது பெற்றார். 1987ல் காலமானார்.

இனி நம் கதைக்கு வருவோம். பறை நம் மக்கள் விரும்பித் தேர்ந்தெடுத்ததாக மட்டும் இருக்கவில்லை. சாவுக்கு அடி, திருவிழாவுக்கு அடி, ஆனால் கோயிலுக்குள் வராதே என்று ஊர் ஒதுக்கித் தந்த வேலையாகவும் இருந்தது. அதனாலேயே பறையைத் தொட மாட்டோம் என்று கீழே வைத்த குடும்பங்கள் உண்டு; அதையே பெருமையாகக் கையில் எடுத்தவர்களும் உண்டு. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கிட்டாருக்கு இந்தச் சுமை கிடையாது. எந்தச் சாதிக்கும் அதை யாரும் ஒதுக்கவில்லை, எந்தச் சாதிக்கும் மறுக்கவும் இல்லை.

அதற்காகப் பறையை விட்டுவிட்டுக் கிட்டாருக்கு வா என்று நாம் சொல்லவில்லை. இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. பறையும் சட்டியும் கானாவும் கிட்டாரோடு ஒரே மேடையில் நின்றன. குழுவின் பெயரே அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட 'சாதி பேதமற்ற' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதில் பாடிய கானா பாடகி இசைவாணி, 2020ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப் பாட்டு" என்று கேட்கும் வீடுகளில் இந்தச் செய்தியைச் சொல்லலாம்.

சரி, எப்படித் தொடங்குவது? புதுசு வாங்குவதற்கு முன் பழையது கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். சர்ச் பாடல் குழுக்களிலும் கல்லூரி விடுதிகளிலும் சும்மா கிடக்கும் கிட்டார்கள் உண்டு. வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள். கழுத்துப் பலகை வளைந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடி நேராகப் பாருங்கள். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பிக்கும் பலகைக்கும் இடைவெளி மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினால் விரல் படாத பாடு படும். பலர் முதல் மாதத்திலேயே விட்டுவிடுவதற்குத் திறமைக் குறைவு காரணமல்ல, இந்த இடைவெளிதான் காரணம்.

அடுத்தது சுதி சேர்ப்பது. தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. போனில் இலவச டியூனர் செயலி போதும். போன் கையில் இல்லாதபோது, தடித்த ஆறாம் கம்பியை ஐந்தாவது ஃபிரெட்டில் அழுத்தினால் வரும் ஒலிக்கு ஐந்தாம் கம்பியைச் சேருங்கள். இப்படியே ஒவ்வொன்றாக. இரண்டாம் கம்பிக்கு மட்டும் மூன்றாம் கம்பியை நான்காவது ஃபிரெட்டில் அழுத்த வேண்டும். முறுக்கிக்கொண்டே போனால் மெல்லிய கம்பி அறுந்துவிடும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கார்ட், ஈ மைனர். ஐந்தாம் கம்பியிலும் நான்காம் கம்பியிலும் இரண்டாவது ஃபிரெட், இரண்டே விரல். பிறகு ஏ மைனர். நான்காம், மூன்றாம் கம்பிகளில் இரண்டாவது ஃபிரெட், இரண்டாம் கம்பியில் முதல் ஃபிரெட். உலோகப் பட்டையின் மேலேயே அழுத்தாமல் அதை ஒட்டிப் பின்னால், விரல் நுனியால் அழுத்துங்கள். இடக்கை நகத்தை வெட்டிவிடுங்கள். ஒரு நிமிடத்தில் இந்த இரண்டுக்கும் எத்தனை முறை தடுமாறாமல் மாற முடிகிறது என்று தினமும் எண்ணி நோட்டில் எழுதுங்கள். ஆசிரியர் இல்லாத இடத்தில் அந்த நோட்டுதான் ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் இருபது நிமிடம் நல்லது. விரல் நுனி இரண்டு, மூன்று வாரம் எரியும். களை எடுத்துக் கரும்பு வெட்டிய கைகள் உள்ள வீட்டில் தோல் காய்ப்பதைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு சி, ஜி, டி. எஃப் கார்ட் வரும்போது சுட்டுவிரலைக் குறுக்கே படுக்க வைத்து எல்லாக் கம்பியையும் அழுத்த வேண்டும். தானாகக் கற்பவர்களில் பலர் நிற்பது இந்த இடத்தில்தான். அதை ஒரு மாதம் தள்ளிப்போட்டு, தெரிந்த கார்ட்களில் பாட்டு வாசித்துக்கொண்டிருங்கள். குடி ஒன்றும் முழுகிவிடாது.

தாளத்துக்கு மட்டும் நம் பிள்ளைகள் அதிகம் மெனக்கெட வேண்டியிருக்காது. "அது உங்க ரத்தத்துலயே இருக்கு" என்று பாராட்டுவதாக நினைத்துச் சிலர் சொல்வார்கள். அதை ஏற்க வேண்டாம். ரத்தத்தில் இருக்கிறது என்பதுதானே சாதியின் வாதம்? ரத்தத்தில் ஒன்றுமில்லை. சின்ன வயதிலிருந்து தெருவில் மேளம் கேட்டுக்கேட்டுக் காதில் பதிந்தது. காலால் தரையைத் தட்டிக்கொண்டு வலக்கையை மேலும் கீழும் இழுத்தால் அது தானாக வரும்.

இன்னொன்று. எலிசபெத் காட்டன் பதினோரு, பன்னிரண்டு வயதில் உருவாக்கிய 'ஃபிரைட் டிரெயின்' பாடல் 1957ல் இங்கிலாந்தில் வேறு இருவர் பெயரில் வெளியாகிப் பெரிய வெற்றி பெற்றது. அவர் பெயரைச் சேர்க்க வழக்குப் போட வேண்டியிருந்தது. ஆகவே சொந்தமாக ஒரு மெட்டு வந்தால், அது நான்கு வரியே ஆனாலும், அன்றைக்கே போனில் பதிவு செய்து உங்கள் பெயரையும் தேதியையும் சொல்லி வையுங்கள். யாருக்காவது அனுப்புவதாக இருந்தால் அதற்குப் பிறகு அனுப்புங்கள்.